ஒரு சோறு பதம்: எடிமான்லைன் தளத்தை ‘டிராக்’ என்ற சொல்லைக் கொண்டு சோதித்தது

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைச் சொல்லும் ஓர் அகராதி நல்லதா என்று தெரிந்துகொள்ள அதன் முன்னுரையை வாசிப்பதைவிட, ஒரே ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவது மேல் என்பது என் அனுபவம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறுதான் பதம். ‘பதம்’ என்ற சொல்லுக்கே சொல் என்றும் காலடி என்றும் பொருள்கள் உண்டு என்பதால், நான் தேர்ந்தெடுத்த சோற்றுக்கு இந்தப் பழமொழி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அந்தச் சொல் ‘டிராக்’. ரயில் ஓடுவதும் டிராக்கில், ஓட்டப்பந்தய வீரர் ஓடுவதும் டிராக்கில். இசைத்தட்டில் மூன்றாவதாக வரும் பாட்டும் டிராக். கூரியரில் அனுப்பிய பொட்டலம் எந்த ஊரில் நிற்கிறது என்று கைப்பேசியில் பார்ப்பதற்கும் அதே பெயர். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அது மண்ணில் பதிந்த காலடித் தடம்.

இந்தச் சோதனைக்குக் காரணமாக இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு வேலை. ரயில் பாதை அமைக்கும் நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரே வாக்கியத்துக்குள் இந்தச் சொல் மூன்று முறை வந்தது: தண்டவாளம் என்ற பொருளில் ஒருமுறை, சரக்குப் பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்று கண்காணிக்கும் வினையாக ஒருமுறை, நிறுவனம் இதுவரை செய்து காட்டியதைக் குறிக்கும் ‘டிராக் ரெக்கார்ட்’ என்ற தொடரில் ஒருமுறை. சோம்பல் மேலிட்டதால் அந்த வாக்கியத்தை ஓர் இயந்திர மொழிபெயர்ப்புச் சேவையிடம் கொடுத்துப் பார்த்தேன். அது கடைசித் தொடரைத் ‘தண்டவாளப் பதிவு’ என்று எழுதித் தந்தது. சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால் ஒரே சொல் இந்த மூன்று இடங்களுக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியாதபோது இயந்திரத்தைக் குறை சொல்வது முறையல்ல என்று தோன்றியது. அன்று மாலை எடிமான்லைன் தளத்தைத் திறந்தேன்.

எடிமான்லைன் ஆங்கிலச் சொற்பிறப்பியலுக்கென்றே உள்ள இணைய அகராதி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தனி ஆளாகத் தொடங்கி வளர்த்தெடுத்தது. தேடுவதற்குக் கட்டணம் இல்லை. கணக்குத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தில், இன்றைய ஆங்கிலம் நடந்து வந்த வண்டித் தடங்களின் வரைபடம் இது என்று அந்தத் தளம் சொல்கிறது. மண்பாதையில் சக்கரங்கள் மீண்டும் மீண்டும் உருண்டு பதித்த பள்ளங்களைத்தான் அது குறிப்பிடுகிறது. தடத்தைப் பற்றிய சொல்லைத் தேடிப் போன எனக்கு வாசலிலேயே ஒரு தடம் கிடைத்தது. அதே அறிமுகத்தில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது: ஒரு சொல்லின் பிறப்பு வரலாறு அதன் இன்றைய பொருளுக்கு விளக்கம் ஆகாது, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்போ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்போ அது என்ன பொருள் தந்தது என்பதற்கான விளக்கம் மட்டுமே. சொற்பிறப்பைக் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வரியை அச்சடித்துக் கொடுக்கலாம்.

‘டிராக்’ என்று தட்டினால் வரும் பதிவு ஒரே பத்திதான், ஆனால் செறிவானது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் எழுத்தில் தென்படுகிறது. அப்போது அதன் பொருள் காலடித் தடம், அல்லது எந்தப் பொருளாலும் பதிந்த அடையாளம். பழைய பிரெஞ்சு மொழியில் ‘டிராக்’ என்பது குதிரைகள் போன தடம். அதற்கும் முன்னால் இழுத்தல் என்ற பொருளுடைய ஜெர்மானியக் கிளைச் சொல் ஒன்று இருந்திருக்கலாம் என்று ‘லாம்’ போட்டு நிறுத்திக்கொள்கிறது பதிவு. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு ஆண்டுகள் வரிசையாக வருகின்றன: ரயில் செல்லும் இருப்புப் பாதை என்ற பொருள் 1805, இசைத்தட்டில் பதிந்த ஒரு பகுதி என்ற பொருள் 1904, தடகள விளையாட்டு என்ற பொருள் 1905, போதை ஊசி திரும்பத் திரும்ப ஏறிய தோலில் தெரியும் தழும்பு என்ற பொருள் 1964. தடத்தைப் பின்பற்றிப் போதல் என்ற வினை 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வந்துவிட்டது. இந்த ஆண்டுகளைச் சொல்லின் பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பொருளில் எழுதப்பட்டு இன்றுவரை அழியாமல் கிடைக்கும் மிகப் பழைய சான்றின் ஆண்டுதான் அது. பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம். இதைத் தளமே தெளிவாகச் சொல்கிறது என்றாலும், அங்கிருந்து எடுத்துப் பிறர் எழுதும் கட்டுரைகளில் இந்த நுணுக்கம் முதலில் உதிர்ந்துபோகிறது.

1805 என்ற எண் என்னை நிறுத்தியது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை திறந்தது 1830இல். அதற்கு முந்தைய ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைகூட 1825இல்தான். அப்படியென்றால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எந்த ரயிலுக்கு இந்தச் சொல் பயன்பட்டது? பதிவில் இதற்கு விடை இல்லை, வெளியே போய்த் தேட வேண்டியிருந்தது. லண்டனுக்குத் தெற்கே வாண்ட்ஸ்வொர்த்திலிருந்து கிராய்டன் வரை 1803இல் திறக்கப்பட்ட சர்ரே இரும்புப் பாதை போன்றவற்றில் வண்டிகளை இழுத்தவை குதிரைகள். வேல்ஸில் ரிச்சர்ட் டிரெவிதிக் 1804இல் நீராவி எந்திரம் ஒன்றைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டியிருந்தார், ஆனால் அது வழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்துக் குதிரைப் பாதைகளில் இன்றுபோல் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துக் குறுக்குக் கட்டைகள் போடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள்; ஒவ்வொரு தண்டவாளத்தையும் தனித்தனிக் கல் பாளங்களின் மேல் பொருத்தினார்கள். நடுவில் குதிரை கால் இடறாமல் நடக்க இடம் வேண்டும் என்பதுதான் காரணம். ஆகவே ‘டிராக்’ என்ற சொல் இருப்புப் பாதைக்குப் பெயரானபோது, இரண்டு இரும்புகளுக்கும் நடுவே உண்மையாகவே குளம்புத் தடங்கள் இருந்தன. குதிரை போய் எந்திரம் வந்த பிறகு தடம் அழிந்தது, பெயர் மட்டும் இரும்பில் ஒட்டிக்கொண்டது. இந்த ஓர் இணைப்பைக் கண்டுபிடித்ததற்காகவே அந்த மாலை வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பொருள் மாற்றத்தில் நடந்திருப்பது வெறும் விரிவு அன்று, ஒரு திசை மாற்றம். காலடித் தடம் என்பது போனவர் விட்டுச் சென்றது. அவருக்குப் பின்னால் கிடப்பது. தண்டவாளம் என்பது வரப்போகிறவருக்காக முன்கூட்டியே போட்டு வைத்தது. வண்டிக்கு முன்னால் கிடப்பது. ஒரு சொல் முதுகுப் பக்கத்திலிருந்து முகத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. இடையில் நிகழ்ந்ததை ஊகிப்பது கடினமில்லை: பலர் நடந்த தடம் ஒற்றையடிப் பாதையாகிறது, பாதையானதும் அடுத்தவர் அதில் நடக்கிறார், நடக்க நடக்க இது எவரோ விட்டுச் சென்ற அடையாளம் என்ற நினைவு மங்கி, போவதற்கான வழி என்ற நினைவு தங்குகிறது. எடிமான்லைன் பதிவில் இந்த இடைக்கட்டம் ஆண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியாக மட்டுமே இருக்கிறது. வாசகர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். வினைச்சொல் மட்டும் திசை மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர் மானின் தடத்தைப் பின்பற்றியதற்கும், நாம் எந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தோம் என்று விளம்பர நிறுவனங்கள் பின்பற்றுவதற்கும் சொல்லளவில் வேறுபாடே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2021இல் தன் கைப்பேசிகளில், இந்தச் செயலி உங்களை ‘டிராக்’ செய்ய அனுமதிக்கலாமா என்று கேட்கத் தொடங்கியபோது, அந்த வினை தன் பழைய வேட்டைப் பொருளில்தான் திரையில் தோன்றியது. இங்கே மான் நாம்.

இசைத்தட்டுக்குப் போன கிளை இதைவிட எளிது. எடிசனின் 1877ஆம் ஆண்டு உருளையிலும் சரி, பின்னால் வந்த பெர்லினரின் தட்டிலும் சரி, ஊசி போகும் வழி ஒரு பள்ளம். மண்பாதையில் சக்கரம் பதித்த பள்ளத்தின் சிறிய வடிவம். கொலம்பியா நிறுவனம் 1948இல் நீண்ட நேரம் ஓடும் தட்டை வெளியிட்ட பிறகு ஒரு பக்கத்தில் பல பாட்டுகள் இடம்பெறுவது வழக்கமாகி, பள்ளத்தின் பெயர் பாட்டின் பெயராகவே ஆகிவிட்டது. உண்மையில் தட்டின் ஒரு பக்கம் முழுவதும் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுழலும் ஒரே ஒரு பள்ளம்தான். ஐந்தாவது டிராக், ஆறாவது டிராக் என்று எண்ணுவது நம் வசதிக்காக. இன்று பள்ளமும் இல்லை, ஊசியும் இல்லை, கோப்பாக வரும் பாட்டுக்கும் அதே பெயர். ‘டிராக் ரெக்கார்ட்’ என்ற தொடருக்கு இசைத்தட்டோடு தொடர்பு இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். இல்லை என்று பதிவு திருத்தியது: அது பந்தயத் திடலிலிருந்து வந்தது. குறிப்பிட்ட ஒரு திடலில் ஓடி எட்டப்பட்ட மிகச் சிறந்த நேரத்துக்கு முதலில் அந்தப் பெயர். பிறகு ஒரு குதிரையோ வீரரோ இதுவரை ஓடிக் காட்டியவற்றின் தொகுப்பு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அரசியல்வாதிக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும் உருவகமானது. இயந்திரம் தந்த ‘தண்டவாளப் பதிவு’ தவறுதான், ஆனால் ஒரே ஒரு கிளை தள்ளி விழுந்த தவறு.

இந்தத் தளத்தின் உண்மையான பலம் தனிப்பதிவில் இல்லை, ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புகளில் இருக்கிறது. ‘டிராக்’ வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர் காலடித் தடத்தை எப்படிச் சொன்னார்கள் என்று தேடியபோது ‘லாஸ்ட்’ என்ற சொல்லில் போய் நின்றேன். கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ வேறு. அது தாமதம் என்று பொருள்படும் ‘லேட்’ என்பதன் உச்ச வடிவம். நான் சொல்வது நீடித்தல் என்று பொருள்படும் வினையையும், செருப்பு தைப்பவர் தோலை மேலே ஏற்றித் தைப்பதற்கு வைத்திருக்கும் கால் வடிவ மரக்கட்டையையும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் காலடித் தடம் என்பதே பொருள். தடம் காலின் வடிவத்தைத் தருகிறது, ஆகவே அந்தப் பெயர் மரக்கட்டைக்குப் போனது. தடத்தை விடாமல் பின்பற்றுதல் ஒன்றைத் தொடர்ந்து செய்வதாகி, நீடித்து நிற்பதாகி, வினை அங்கே போனது. பேட்டரி இரண்டு நாள் ‘லாஸ்ட்’ ஆகிறது என்று சொல்லும்போது நாம் ஒரு காலடித் தடத்தைத்தான் உச்சரிக்கிறோம்.

அங்கிருந்து ஒரு சொடுக்கில் இதன் வேர் என்று காட்டப்படும் பதிவு வருகிறது. தடம், உழவுச்சால் என்ற பொருள் கொண்டதாக மீட்டுருவாக்கப்பட்ட அந்த இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கற்றல் என்று பொருள்படும் ‘லேர்ன்’ வருகிறது. அதாவது கற்பது என்பது தடம் பற்றி நடப்பது. அதே வேரிலிருந்து லத்தீன் மொழியில் உழவுச்சாலுக்கு ‘லிரா’ என்ற சொல் உண்டு. அந்த உழவுச்சாலை விட்டு விலகிப் போவதுதான் ‘டெலிரியம்’, காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டு பிதற்றும் நிலை. தமிழில் தடம் புரண்டுவிட்டான் என்று ஒருவனைச் சொல்வதை நினைத்துக்கொண்டேன். இங்கே ஓர் எச்சரிக்கை. வேர்ப் பதிவுகளின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் காணப்படாத, பல மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம் என்பதற்கு அது அடையாளம். அந்தச் சிறு நட்சத்திரத்தைக் கவனிக்காமல், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இப்படியே பேசினார் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இந்தத் தளத்தின் எளிமையிலேயே அடங்கியிருக்கிறது. குறி இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் தடத்துக்கு வேறு இரண்டு சொற்களும் வழக்கில் இருந்தன. அவற்றில் ஒன்றை ஆல்ஃபிரட் மன்னர் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒரு முன்னுரையில் காணலாம். முன்னோரின் கல்வியை நாடு இழந்துவிட்டதே என்று வருந்தும் அவர், அவர்களுடைய தடத்தை இங்கே இன்னும் காண முடிகிறது, ஆனால் அதைப் பற்றிக்கொண்டு பின்னே செல்ல நமக்குத் தெரியவில்லை என்கிறார். தடத்துக்கு அவர் இட்ட சொல்தான் இன்றைய ‘ஸ்வாத்’. இன்று அதன் பொருள், நீண்ட கைப்பிடி அரிவாளை ஒரு வீச்சு வீசினால் புல் அறுபடும் பட்டை. பின்னே செல்லுதல் என்பதற்கு அவர் இட்ட வினை, ‘ஸ்போர்’ என்ற இன்னொரு தடச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்தப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் வழக்கொழிந்து, நூற்றாண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் வாயிலிருந்து விலங்கின் தடம் என்ற பொருளில் ‘ஸ்பூர்’ என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. தொலைந்த மாடு பக்கத்து ஊர்ச் சந்தையில் கிடைத்த மாதிரி. ‘டிராக்’, ‘ஸ்வாத்’, தடத்துக்கு இன்றைய நேரடிச் சொல்லான ‘ஃபுட்பிரிண்ட்’ ஆகிய மூன்றும் இன்று ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அந்த இடம் விண்வெளி. செயற்கைக்கோள் கடக்கும் வழிக்கு நேர் கீழே பூமியில் வரையப்படும் கோடு அதன் டிராக். அதன் கருவி படம் பிடிக்கும் நிலப்பட்டை ஸ்வாத், லேண்ட்சாட் செயற்கைக்கோளுக்கு அது 185 கிலோமீட்டர் அகலம். தகவல்தொடர்புக் கோளின் சைகை வந்து விழும் பரப்பு ஃபுட்பிரிண்ட். காலே இல்லாத, மண்ணையே தொடாத ஒன்றுக்கு மூன்று காலடிகள்.

இந்த இடத்தில் பெரிய அண்ணனோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்து, முழுமை பெற்றது 1928இல். இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு 1989இல். இணையத்துக்கு வந்தது 2000இல். ஒவ்வொரு பொருளுக்கும் அந்தப் பொருளில் யார் எந்த ஆண்டில் என்ன வாக்கியம் எழுதினார் என்று மேற்கோள்களை அடுக்குவது அதன் முறை. எடிமான்லைன் ஆண்டை மட்டும் சொல்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எடிமான்லைனில் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், ஒன்று செத்து மற்றொன்று பிறந்ததுபோன்ற மயக்கம் ஏற்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் எண்களும் எழுத்துகளும் இட்டுக் கிளை பிரிப்பதால், காலடித் தடம் என்ற முதல் பொருள் இன்றும் உயிரோடு இருப்பதும், பனியில் நரியின் தடத்தைப் பார்க்கும் ஒருவர் இன்றும் டிராக் என்றே சொல்வதும் தெளிவாகத் தெரிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் இணையப் பதிப்பை முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். தனி ஆளுக்கு அது சிறிய தொகை அன்று. பல்கலைக்கழக நூலகம் எதிலாவது உறுப்பினராக இருந்தால் அங்கே சந்தா இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு ஒரு மாற்று: முதல் பதிப்பின் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வருடிய படங்களாகக் கிடைக்கின்றன. எழுத்து பொடி, கோப்பு கனமானது, கைப்பேசியில் படிக்க நினைப்பது கண்ணுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் அதில் உலவியபோது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். அந்த அகராதியின் நான்கு தலைமைப் பதிப்பாசிரியர்களும் எழுத்துகளைப் பங்கு பிரித்துக்கொண்டதில் ஆளுக்கொரு தடம் விழுந்திருக்கிறது. ‘டிராக்’ ஜேம்ஸ் முரேக்கு. ‘லாஸ்ட்’, ‘ஃபுட்பிரிண்ட்’ இரண்டும் ஹென்றி பிராட்லிக்கு. ‘ஸ்பூர்’ வில்லியம் கிரெய்கிக்கு. ‘ஸ்வாத்’ ஆனியன்ஸுக்கு (பெயர் வெங்காயத்தைப் போலவேதான் ஒலிக்கும்). முரே 1915இல் ‘டிராக்’ தொடங்கும் ‘டி’ (T) எழுத்தை முடிக்கும் தறுவாயில் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் போர்க்களத்தில் முதல் டாங்கி, தன் பாதையைத் தானே விரித்துத் தானே சுருட்டிக்கொண்டு உருண்டது. அந்த இரும்புப் பட்டைக்கும் டிராக் என்றே பெயர். அவர் கையால் முடித்த பதிவில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

‘ஃபுட்பிரிண்ட்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘டிராக்’ காலி செய்துவிட்டுப் போன வீட்டில் குடியேறியது அதுதான். பாதம், பதிவு என்ற இரண்டையும் ஒட்டி 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுத்துக்கு வந்த இந்தச் சொல், நானூறு ஆண்டுகள் சொன்ன பேச்சு மாறாமல் காலடித் தடமாகவே இருந்தது. பிறகு அதுவும் கிளம்பிவிட்டது. மேசையில் ஒரு கருவி பிடிக்கும் இடத்தின் அளவுக்கு அது பெயரானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ரீஸிடம், அவருடைய புதிய கணினிக்கு மேசையில் ‘ஃபுட்பிரிண்ட்’ சிறியது என்று ஒரு தொழில்நுட்பப் பணியாளர் மெச்சிப் பேச, அந்தச் சொல் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது என்பது அவரே சொன்ன கதை. மனிதர்கள் வாழ்வதற்குத் தேவைப்படும் நிலப்பரப்பைக் கணக்கிடும் தம் முறைக்குச் சூழலியல் காலடித் தடம் என்று பெயரிட்டு அவர் 1992இல் எழுதினார். அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகல் அதை வளர்த்தெடுத்தார். பெட்ரோலிய நிறுவனமான பிபி 2004இல் தனிமனிதர் தம் கார்பன் தடத்தைத் தாமே கணக்கிடும் கருவியை வெளியிட்டு அந்தத் தொடரைப் பரவலாக்கியது. எண்ணெய் எடுத்து விற்பவர் வாங்கி எரிப்பவரின் காலடியை எண்ணச் சொன்ன அந்தச் சாமர்த்தியத்தைப் பலரும் விமர்சித்திருக்கிறார்கள். 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரிட்டனுக்கான ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது ‘கார்பன் ஃபுட்பிரிண்ட்’ என்ற அந்தத் தொடரைத்தான். இந்தக் கதையின் கணினிப் பணியாளரை எந்த அகராதிப் பதிவிலும் எதிர்பார்க்கக் கூடாது. அகராதி ஆண்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தளம் எந்த அளவுக்குப் பயன்படும் என்பது நியாயமான கேள்வி. ஆங்கிலத்தை வேலைக்காகப் பயன்படுத்துகிறவர்களுக்கு, குறிப்பாக மொழிபெயர்ப்பவர்களுக்கு, ஒரு சொல்லின் பல பொருள்கள் எந்த மூட்டில் பிரிகின்றன என்று காட்டுவதால் மிகவும் பயன்படும். நம் ‘தடம்’ ஏறக்குறைய இதே பயணத்தைச் செய்திருக்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். கால் தடம் என்கிறோம், வழித்தடம் என்கிறோம், பேருந்துக்குத் தட எண் கொடுக்கிறோம், ரயில் தடம் புரண்டது என்று செய்தி வாசிக்கிறோம். டச்சு மொழியிலும் ‘ஸ்பூர்’ என்ற தடச் சொல்லே ரயில் பாதைக்கும் பெயர். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கித்தான் இப்படி ஆக வேண்டும் என்பதில்லை. காலடியிலிருந்து பாதைக்கு எந்த மொழியும் நடந்து போகலாம். ஆனால் தமிழ்த் ‘தடம்’ எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளுக்கு நகர்ந்தது என்று ஒரு சொடுக்கில் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது, அதில் இலக்கிய மேற்கோள்களும் உண்டு. ஆனால் பொருள்களை ஆண்டு வரிசையில் நிறுத்துவது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

பயன்படுத்தும் முறையைப் பற்றிச் சில சொற்கள். கைப்பேசி உலாவியிலேயே தளம் சரளமாகத் திறக்கிறது. பக்கங்கள் பெரும்பாலும் எழுத்துதான் என்பதால் பலவீனமான இணைப்பிலும் தடுமாறவில்லை. தேடும்போது பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் தனித்தனிப் பதிவுகளாக வருகின்றன. முதலில் வருவதைப் படித்துவிட்டு மூடிவிடாமல் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும், ‘லாஸ்ட்’ போன்ற சொற்களில் அப்படிச் செய்யாவிட்டால் தொடர்பே இல்லாத இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்வோம். அமெரிக்க வழக்குகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தருவதாக எனக்குப் படுகிறது, அது குறை என்று சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இதை இறுதிச் சான்றாகக் காட்ட நான் தயங்குவேன். எங்கே தேட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டியாக இதைவிட விரைவான ஒன்றை அறியேன். ஐந்து விண்மீனுக்கு நான்கு கொடுப்பேன். மேற்கோள் வாக்கியங்கள் இல்லாததற்காக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆண்டறிக்கையின் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தண்டவாளத்தைத் தண்டவாளமாகவே விட்டேன். சரக்குப் பெட்டிகளைக் ‘கண்காணிக்கிறது’ என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, ‘சென்ற இடமெல்லாம் தொடர்ந்து அறிகிறது’ என்று மாற்றினேன். பெட்டியின் மேல் யாரும் சந்தேகப்படவில்லையே. ‘டிராக் ரெக்கார்ட்’ தொடரை ‘இத்தனை ஆண்டுகளாகச் செய்து காட்டியது’ என்று விரித்தேன். திருத்தப் படி திரும்பி வந்தபோது முதல் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவதை மட்டும் யாரோ சிவப்பு மையில் வெட்டி, பக்கத்தில் ‘தடம் பதித்த சாதனைகள்’ என்று எழுதியிருந்தார்கள்.